மயிலிறகு நகர்ந்த பக்கமெல்லாம்

நல்லா உள்ள தள்ளி உக்காருங்கக்கா. புள்ளைய நான் ஜன்னல் பக்கமா ஒதுக்கிக்கிறேன். தூங்குறா, இடிச்சாலும் முழிக்க மாட்டா. நீங்க திருச்சிதானே? நானும் திருச்சிதான். பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஏர்போர்ட்டுக்கு வேற பஸ் மாறணும். அது எந்தப் பக்கம் நிக்கும்னு தெரியுமா உங்களுக்கு? நான் தனியாப் போனதே இல்ல. எங்க ஊர்ல ஏர்போர்ட்டுக்குப் போறதுன்னா வேன் பேசி, சொந்தக்காரங்க அத்தனை பேரும் ஏறி, புளிச்சோறு கட்டிக்கிட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் போவோம். இப்படித் திருட்டுத்தனமா புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வந்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அழலக்கா. தூசி விழுந்திருச்சு. சரி, அழுறேன்தான். உங்ககிட்ட என்ன மறைக்கிறது, நீங்க யாரோ நான் யாரோ.

இவ அத்தா, அதான் என் வீட்டுக்காரங்க, சார்ஜாலேருந்து வர்றாங்க. சாயந்திரம் பிளேன் இறங்குது. வீட்டுலேருந்து வேன் வந்து சேர்றதுக்குள்ள நான் போயி அந்த வாசல்ல நிக்கணும். எங்க பெரிய நாத்தனா வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடி அவங்க காதுல நான் ஒரு வார்த்தை போட்டுடணும். என்ன வார்த்தைன்னுதான் தெரியல. பாபநாசத்துல ஏறினதுலேருந்து யோசிக்கிறேன், ஒண்ணுமே தோண மாட்டேங்குது. மண்டைக்குள்ள தையல் மெஷின் ஓடுற மாதிரி ஓடுதே ஒழிய ஒரு வழி தெரியல.

மனுசன் சந்தோஷமா வர்றாங்கக்கா. அதுதான் என்னைக் கொல்லுது.

அவங்க அத்தா மவுத்தாயி அடக்கம் பண்ணினப்பகூட வரல. மொதலாளி விடல. போன்லயே மையித்தப் பாத்துட்டு அங்க கடைக்குப் பின்னாடி சாக்கு மூட்டை மேல உக்காந்து அழுதாங்களாம். தங்கச்சி கல்யாணத்துக்கு வரல. வீட்டுக்கு மாடி எடுத்தப்ப வரல. இப்ப எதுக்கு வர்றாங்க தெரியுமா? இந்தா, வாயைப் பொளந்துக்கிட்டு தூங்குறாளே, ஹுஸ்னா, இவ குர்ஆன் ஓதி முடிச்சிட்டான்னு வர்றாங்க.

முடிக்கலக்கா. முடிக்கவே இல்ல.

உங்களுக்கு எங்க வழக்கம் தெரியாதுல்ல, சொல்றேன். எங்கள்ல சின்னதுலயே அரபி எழுத்து சொல்லிக் கொடுத்திடுவோம். அது முடிஞ்சதும் குர்ஆனைக் கையில கொடுப்போம். முப்பது பாகம் இருக்கு, ஜுஸு ஜுஸுன்னு சொல்வோம். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் எழுத்துப் பிசகாம ஓதி முடிக்கணும். முடிச்சா கத்தம். அன்னைக்குப் புதுத்துணி போட்டு, புள்ளைய சபையில உக்கார வெச்சு, கடைசியில உள்ள சின்னச் சின்ன அத்தியாயம், சூரான்னு சொல்வோம், அதெல்லாம் ஓதச் சொல்லி, பள்ளிவாசல் ஹஜ்ரத் கையேந்தி துஆ செய்வாங்க. அப்புறம் ஊருக்கே சோறு. கல்யாணத்துக்கு அடுத்தபடி பெத்தவங்களுக்கு அதான் பெருமை.

அவங்க ஓதி முடிக்கல. பாதியிலயே கும்பகோணத்துல ஒரு மளிகைக் கடையில பொட்டலம் கட்டப் போயிட்டாங்க, அப்புறம் சபர். வெளிநாடு போறதை நாங்க சபர்னுதான் சொல்வோம். அந்தக் குறை அவங்களுக்கு இன்னும் இருக்கு. "நான் விட்டதை என் மவ முடிக்கணும் பல்கீஸு, அதை மட்டும் நீ பாத்துக்க, வேற எதுவும் நான் கேக்கல"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. வேற எதுவும் கேக்கலங்கிறாங்களேன்னு நானும் உசுரக் கொடுத்துப் பாத்தேன்.

பாத்தேன்க்கா. ஒரு நாள் விடாமப் பாத்தேன். நான் கவனிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. காய்ச்சல்ல கெடந்தப்பகூட எந்திரிச்சுப் போயிப் பாத்தேன்.

எதைன்னா கேக்குறீங்க? மயிலிறகை. எங்க புள்ளைங்க குர்ஆன்ல அடையாளத்துக்கு மயிலிறகு வெச்சுக்குவாங்க. எதுவரைக்கும் ஓதியிருக்கோ அந்தப் பக்கத்துல இருக்கும். நாகூருக்குப் போனப்ப வாங்கினது, நல்ல கண்ணு வெச்ச எறகு. தெனம் அந்தியில மக்ரிபு பாங்கு சொன்னதும் இவ கை கால் மூஞ்சி கழுவி ஒலு செஞ்சுட்டு, தலையில துணி போட்டுக்கிட்டு, உள் ரூம்ல உக்காந்து ஓதுவா. நான் கூடத்துல மெஷின்ல உக்காந்துருப்பேன். நைட்டி தைக்கிறேன்க்கா, ஐயம்பேட்டையில ஒரு கடைக்கு. ராத்திரி அவ சாப்பிட்டுப் படுத்ததும், கையைக் கழுவிட்டு, ஒலுவோட போயி குர்ஆனை எடுத்துத் தொறந்து பாப்பேன். நேத்து எங்க இருந்துச்சு, இன்னைக்கு எங்க இருக்கு. நகந்திருந்தா அல்ஹம்துலில்லாஹ். படுத்தா தூக்கம் வரும்.

பக்கத்துல உக்காந்து கேக்கலாமேங்கிறீங்களா? மதரஸாவுல ஓதிக் கொடுக்கிற அந்த ஆலிமாவும் இதைத்தான் கேட்டுச்சு. எல்லாரும் இதையே கேளுங்க. மெஷினை யாரு மிதிக்கிறது? மெஷின் சத்தத்துல காதுதான் கேக்காது, கண்ணு முழுக்க அங்கதான் இருந்துச்சு. வாய் அசையுதா, விரல் வரி மேல போகுதான்னு அப்பப்போ எட்டிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இதுக்கு மேல ஒரு தாயி என்ன செய்வா?

கண்டிப்புலயும் நான் குறை வெக்கல. ஒரு நாள் பாத்தா எறகு நகரல. மறுநாளும் அதே எடம். மூணாம் நாளும் அதே பக்கம். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க, அங்க ஒருத்தர் வெயில்ல வேகுறாங்க, இது இங்க ஒரே பக்கத்துல சப்பணம் போட்டு உக்காந்துருக்கு. "ஏன்டி, குர்ஆன் ஓதுறியா, இல்ல பக்கத்தை வெச்சுக்கிட்டு பகல் கனவு காணுறியா?"ன்னு நங்குன்னு ஒரு கொட்டு வெச்சேன். "நாளைக்கும் இங்கயே நின்னுச்சு, தோலை உரிச்சிடுவேன்"ன்னேன். நம்புவீங்களா, மறுநாள் பாத்தா ரெண்டு பக்கம் தள்ளி இருக்கு! அன்னையிலேருந்து நின்னதே இல்ல. தெனம் நகரும். அதுக்குத்தான் சொல்றது, ஒரு பயம் இருக்கணும்.

நான் அதைப் போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பிடுவேன். அந்தப் பக்கமும் எறகும் தெரியிற மாதிரி. "இன்னைக்கு இவ்வளவு"ன்னு போட்டு விடுவேன். அவங்க உடனே ரெண்டு கையேந்துற படம் போடுவாங்க. ரூம்ல இருக்கிறவங்ககிட்டல்லாம் காட்டுவாங்களாம். "மாஷா அல்லாஹ், நம்ம இலியாஸ் மவ வெரசா ஓதுதே"ன்னு ஒரு பெரியவரு சொன்னாருன்னு போன் பண்ணிச் சொன்னாங்க. அன்னைக்கு அவங்க சிரிச்ச சிரிப்பை நான் எங்கக்கா போயித் தேடுவேன்?

தஞ்சாவூரு தாண்டிட்டோமா? இன்னும் இல்லையா. மெதுவாப் போனாத்தான் எனக்கும் நல்லது.

இதுக்கெல்லாம் காரணம் அந்த ஆலிமாதான்க்கா. சுமையான்னு பேரு. எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் மாத்திப் போனதும் பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு இதைக் கொண்டாந்தாங்க. நேத்துப் படிச்சு முடிச்ச பொண்ணு, என்னைவிட வயசுல எவ்வளவோ சின்னது. வந்ததும் வராததுமா அம்மாமாரை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம். "தெனமும் கொஞ்ச நேரம் புள்ளைங்க பக்கத்துல உக்காருங்க. உங்களுக்குச் சரியா ஓதத் தெரியாட்டியும் பரவாயில்ல, காது கொடுத்துக் கேளுங்க. எங்க தடுமாறுதுன்னு உங்களுக்கே புரியும். வாரத்துல ஒரு நாள் புள்ள ஓதுறதை வாட்ஸ்அப்ல குரலாப் பதிஞ்சு எனக்கு அனுப்புங்க"ன்னுச்சு. எங்களுக்கு வேற வேலை வெட்டி இல்ல பாருங்க! எல்லாரும் அனுப்பினாளுங்க. எதுத்த வீட்டு ஜம்ருத்து மவன் ஓதுறப்ப பின்னால குக்கரு விசிலடிக்குது, அதையும் அப்படியே அனுப்பியிருக்கா. நான் போட்டோ அனுப்பினேன். எறகோட. என்னுது எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா?

அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணி, "அக்கா, போட்டோ வேணாம், ஹுஸ்னா குரலை அனுப்புங்க"ங்குது. "குரலை நீதான் தெனம் கேக்குறியேம்மா, எங்க வீட்டுலேருந்து வேற அனுப்பணுமா"ன்னேன். அப்புறம், "நேர்ல வாங்கக்கா"ன்னுச்சு.

போனேன். எதுக்குப் போனேனோ. புள்ளைங்கள்லாம் உக்காந்துருக்கு, ரெண்டு மூணு அம்மாமாரும் நிக்கிறாங்க. அது என்னவோ மெதுவாத்தான் பேசுச்சு, பொய் சொல்லக் கூடாது. "ஹுஸ்னாவுக்கு எழுத்துச் சேர்த்து ஓதுறது இன்னும் சரியா வரல அக்கா. பயப்படுது. நடுப் பக்கத்தை எடுத்தா வாயே தொறக்கல. கொஞ்ச நாள் மறுபடி எழுத்துப் பாடத்துலேருந்து ஆரம்பிச்சா கெட்டியாயிடும்"னுச்சு. எழுத்துப் பாடம்! மூக்கொழுகிட்டு வர்ற சின்னப் புள்ளைங்க வரிசையில இவளை உக்கார வெக்கணுமாம். பாதிக்கு மேல தாண்டின புள்ளைய. எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "உனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியல, அதை மறைக்க என் புள்ளைய மட்டம் தட்டுறியா? எங்க வீட்டுல நான் தெனம் பாக்குறேன். போட்டோ இருக்கு என்கிட்ட. நீ என்ன ஆலிமா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிருச்சு. "உங்க பக்கத்துல உக்காந்து ஒரு வரி ஓதச் சொல்லுங்கக்கா, அது போதும்"னு மட்டும் சொல்லுச்சு. நான் இவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். நான் பேசினது இவளுக்குப் பெருமையா இருந்திருக்கும்னு நெனச்சேன்.

அப்புறம் வீட்டுலயே ஓதட்டும்னுட்டேன். வீட்டுல என்ன வேகம்ங்கிறீங்க! மதரஸாவுக்குப் போறப்ப ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ரெண்டு பக்கம் ஓதினவ, வீட்டுல ஒரே நாள்ல அஞ்சாறு பக்கம் போனா. பாத்தீங்களா, குறை எங்க இருந்துச்சுன்னு? ஜம்ருத்துகிட்டகூடச் சொன்னேன், "உன் மவன் இன்னும் நாலாவது ஜுஸுதானே, எங்க ஹுஸ்னா கடைசிக்கு வந்துட்டா"ன்னு. அவளுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

அன்னைக்கே அவங்களுக்குப் போன் போட்டு, "கத்தம் ஆகப்போகுது, என்னைக்கு வெச்சுக்கலாம்?"னு கேட்டேன். "அப்படியா, அல்ஹம்துலில்லாஹ்"ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் வழக்கம்போல இவகிட்டப் போனைக் கொடுத்தேன். இவ அத்தாகிட்டப் பேசுறதுன்னா மொட்டை மாடிக்குப் போயிடுவா, அங்கதான் சிக்னல் நல்லா இருக்கும்பா. ரொம்ப நேரம் பேசினா அன்னைக்கு. மறுநாள் அவங்களே கூப்பிட்டு, "நான் வர்றேன் பல்கீஸு. லீவு கேட்டுட்டேன். வேலையே போனாலும் சரி, வர்றேன்"னாங்க. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சந்தோஷத்துல தொண்டை அடைச்சிருச்சு பாவம்னு நெனச்சேன். "விருந்து கிருந்து எதுவும் வேணாம். யாரையும் கூப்பிடாத. நான் வந்தப்புறம் எல்லாம் பாத்துக்கலாம்"னாங்க. அவங்க எப்பவும் அப்படித்தான், கூச்சப்படுவாங்க. நான் கேப்பேனா? ஊரு பூரா சொல்லிட்டேன். சமையல் பண்டாரிக்குச் சொல்லி, பந்தல்காரருக்குச் சொல்லி, இவளுக்குப் பச்சைக் கலர்ல ஜரிகை வெச்சு நானே உக்காந்து தெச்சேன். அதுக்கப்புறம் போன் பண்றப்பல்லாம் அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "புள்ளைய வையலையே? அடிக்கலையே? நான் வர்ற வரைக்கும் அவளை ஒண்ணும் சொல்லாதே". மவ மேல அவ்வளவு உசுரு.

நேத்து எங்க பெரிய நாத்தனா கூத்தாநல்லூர்லேருந்து வந்தாங்க. விருந்துக்குத்தான். வந்த கையோட, காப்பிகூடக் குடிக்கல, "எங்க, என் தம்பி மவ ஓதட்டும், காது குளிரக் கேப்போம்"னு இவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. இவ கடைசி சூராவை எடுத்தா. அதெல்லாம் இவளுக்கு மனப்பாடம், தொழுகையில ஓதுறதுதானே, கண்ணை மூடிக்கிட்டு ஓதுவா. நாத்தனாவுக்கு அது போதலை. "இது எல்லாப் புள்ளையும் ஓதும். நடுவுல ஓது"ன்னு குர்ஆனை எடுத்துப் பாதியில விரிச்சாங்க.

இவ வாயைத் தொறக்கல.

"சரி, அதுக்கு முந்தின பக்கம்". ஒண்ணும் இல்ல. "அதுக்கு முந்தி". நாத்தனா பக்கத்தைப் பின்னால பின்னால தள்ளிக்கிட்டே போறாங்க. நான் அடுப்படி வாசல்ல நிக்கிறேன். இவ பக்கத்தையும் பாக்கல, அத்தையையும் பாக்கல, என்னையத்தான் பாத்தா. பின்னால, பின்னால, இன்னும் பின்னால. கடைசியில ரெண்டாவது ஜுஸுல ஒரு பக்கம் வந்தப்ப வாயத் தொறந்தா. ஓதினா. நல்லாத்தான் ஓதினா. அந்தப் பக்கத்து முடிவுல ஒரு நீளமான வார்த்தை, அதுல போயி நின்னுட்டா. திக்குது. மறுபடி ஓதுறா, மறுபடி திக்குது. எனக்கு அந்தப் பக்கத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சுக்கா. மயிலிறகு மூணு நாளா நகராம நின்னுச்சே, நான் கொட்டு வெச்சேனே, அதே பக்கம்.

அங்கேருந்து ஒரு எழுத்து ஓதல. எறகை மட்டும் தள்ளித் தள்ளி வெச்சிருக்கா. வருஷக்கணக்கா வெச்சிருக்கா. தெனம் ஒலு செஞ்சு, தலையில துணி போட்டு, அந்த ஒரே பக்கத்தை ஓதிட்டு எறகை நகத்தி வெச்சிருக்கா.

நாத்தனா குர்ஆனை மூடி முத்திட்டு எழுந்தாங்க. "அல்லாவோட வேதத்துல பொய்க் கத்தமா பல்கீஸு? ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு துஆ கேக்கப்போறியா இதுக்கு? நாளைக்கு என் தம்பி காலை வெக்கிறான். நீ சொல்றியா, நான் சொல்லவா?"ன்னாங்க. அவங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கடைசி சூராவோட கத்தம் நல்லபடியா நடந்திருக்கும்க்கா. அப்புறமா நான் உருட்டி மெரட்டி ஓத வெச்சிருக்க மாட்டேனா? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

என்னக்கா? ஏன் புள்ள பின்னால சாயாம முன்கம்பியிலயே சாஞ்சிருக்கான்னா கேக்குறீங்க?

அடிச்சேன். ஆமா, அடிச்சேன். துணி அளக்குற கட்டை ஸ்கேல் இருக்குல்ல, அதால. கொல்லைக்கு இழுத்துட்டுப் போயி அடிச்சேன். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அவங்க அங்க சாக்கு மூட்டை மேல உக்காந்து அழுதது ஞாபகம் வருது, அந்தப் பெரியவரு மாஷா அல்லாஹ் சொன்னது ஞாபகம் வருது, கை நிக்க மாட்டேங்குது. "ஏன்டி பொய் சொன்ன, ஏன்டி எங்களை ஏமாத்தின"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். ஒரு வார்த்தை பேசலக்கா இவ. கல்லு மாதிரி நின்னா. அழுதா, ஆனா பேசல. எங்க நாத்தனா ஓடி வந்து ஸ்கேலைப் பிடுங்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியல. நேத்துலேருந்து இவ என்கிட்டப் பேசவே இல்ல. சோறு வெச்சா சாப்பிடுறா, கிளம்புன்னா கிளம்புறா. அவ்வளவுதான்.

அப்படிப் பாக்காதீங்கக்கா. நீங்க என்னைய அப்படிப் பாக்காதீங்க. பெத்தவ அடிக்காம யாரு அடிப்பா?

இப்பச் சொல்லுங்க. நான் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்? புள்ளைக்குத் தொண்டை கட்டிருச்சு, விருந்தைத் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லவா? அந்த ஆலிமா கெடுத்துட்டான்னு சொல்லவா? சொன்னா நம்புவாங்க, நான் சொன்னா எதையும் நம்புவாங்க. நான் அனுப்பின போட்டோவை எல்லாம் அழிக்காம வெச்சிருக்காங்கக்கா போன்ல. அந்தப் போட்டோவுல ஒண்ணுகூட உண்மையில்லன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? பொட்டி தூக்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வெளிய வருவாங்களே, அந்த மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்? இந்த பஸ்ஸு எங்கயாவது மோதித் தொலஞ்சாக்கூடப் பரவாயில்லன்னு செங்கிப்பட்டிகிட்ட நெனச்சேன். அஸ்தஃபிருல்லாஹ். உங்களையும் வெச்சுக்கிட்டு இப்படி நெனச்சேன் பாருங்க.

என்னடி? முழிச்சிட்டியா? எப்ப முழிச்ச?

படு, இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. என்ன? சத்தமாச் சொல்லு, பஸ் இரைச்சல்ல ஒண்ணும் புரியல. அத்தாவுக்கு என்ன? அத்தாவுக்குத் தெரியுமா? எதுடி தெரியும்?

அக்கா, ஒரு நிமிஷம் இருங்க.

எப்படித் தெரியும்? நீ சொன்னியா? எப்பச் சொன்ன? கத்தம்னு நான் போன் பண்ணேனே, அன்னைக்கா? மாடியில வெச்சா? எல்லாத்தையும் சொல்லிட்டியா? எறகு நகத்தினது, எல்லாம்? அத்தா என்னடி சொன்னாங்க? வஞ்சாங்களா? பின்னே?

அக்கா, கேட்டீங்களா இவ சொல்றதை. வையலையாம். அவங்களும் அழுதாங்களாம். "நானும் அப்படி ஒரு பக்கத்துலதான் நின்னேன் ஹுஸ்னா. ஒண்ணும் இல்ல, நாம ரெண்டு பேரும் சேந்து ஓதிக்கலாம்"னாங்களாம். "அம்மாகிட்ட நீ சொல்லாத, அம்மா கோவத்துல அடிச்சிடுவா. நான் வந்து, பக்கத்துல இருந்துக்கிட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்க"ன்னாங்களாம்.

அப்ப அவங்க விருந்துக்கு வரல. கத்தத்துக்கு வரல. தெரிஞ்சுதான் வர்றாங்க. அத்தா மவுத்துக்கு வராதவங்க, வேலை போனாலும் சரின்னு, என் கைக்கும் இவ முதுகுக்கும் நடுவுல நிக்கிறதுக்குத்தான் வர்றாங்க. யா அல்லா. ஒரே ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

ஏன்டி, நேத்து அடி விழுறப்ப, அத்தாவுக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல? ஏன் சொல்லல? அத்தாவுக்கு வாக்குக் கொடுத்தியா? அதுக்காக அத்தனை அடியையும் வாங்கிக்கிட்டு நின்னியா?

ஐயோ அக்கா. என்கிட்ட ஒளிச்சிருக்காங்க ரெண்டு பேரும். நான் என்னமோ அவங்க வயித்துல நெருப்பைக் கட்டப்போறேன்னு பயந்துக்கிட்டு வர்றேன், அவங்க என்னைய நெனச்சு பயந்துக்கிட்டு வர்றாங்க. பிளேன்ல உக்காந்து இப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருப்பாங்க? இன்னும் அடி விழலை, நான் போயி நின்னுடுவேன்னுதானே? இவ சட்டையைத் தூக்கிப் பாத்தா?

என்ன ஹுஸ்னா? சொல்லு. கிட்ட வந்து சொல்லு.

அக்கா.

நேத்து அடிச்சதை அத்தாகிட்டச் சொல்ல மாட்டாளாம். முதுகை யார்கிட்டயும் காட்ட மாட்டாளாம். "நீ பயப்படாதம்மா"ங்குறா. என்னையப் பாத்து, பயப்படாதங்குறாக்கா.

அல்லா மேல ஆணையா சொல்றேன், அதைக் கேட்டதும் ஒரு நொடி எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நொடி. எறகை நகத்தி வெக்க நான்தான் இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்க்கா.

வேணாம்டி. நீ எதையும் மறைக்க வேணாம். அத்தா கேட்டா சொல்லு. கேக்காட்டியும் சொல்லு. நீ சொல்லாட்டி நானே உன்னைத் திருப்பி நிறுத்திக் காட்டுறேன். அவங்க என்னைய என்ன செஞ்சாலும் செஞ்சுக்கட்டும். தலாக்கு சொன்னாலும் சொல்லட்டும்.

ஸ்டாண்டு வந்துருச்சா? எல்லாரும் எந்திரிக்கிறாங்களே. என் பையை எடுத்துக்கிட்டேன். செருப்பைப் போடுடி. அக்கா, நீங்களும் இங்கதானே இறங்குறீங்க, ஒரு உபகாரம் பண்ணுங்க. படி ரொம்ப உசரம். இவ கையைக் கொஞ்சம் நீங்க பிடிச்சு இறக்கி விடுங்க. நான் பிடிக்கப் போனா இவ கண்ணை மூடிக்கிறா.